ஒரு கையெழுத்தின் விலை

மலை மேல் ஒரு படிவம், மலைக்குக் கீழே ஒரு சான்றிதழ். இரண்டுக்கும் நடுவே ஆந்திரக் கிறிஸ்தவர்

திருமலையில் இந்துக்கள் அல்லாதவர்களுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடலாம். பெயரையும் மதத்தையும் எழுத வேண்டும். வேங்கடேஸ்வரர் மீது தமக்கு நம்பிக்கை உண்டு, அவருக்கு நடக்கும் வழிபாட்டின் மீது மரியாதை உண்டு, ஆகவே தரிசனத்துக்கு அனுமதிக்க வேண்டும் என்ற வாசகத்தின் அடியில் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். 1990-ல் வெளிவந்த அரசாணை 311-ன் கீழ் உள்ள விதி இது. குடியரசுத் தலைவராக இருந்தபோது திருமலைக்கு வந்த அப்துல் கலாம், மறுபேச்சில்லாமல் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

இந்தச் சின்னக் காகிதம் 2024 செப்டம்பரில் ஆந்திர அரசியலையே உலுக்கியது. லட்டு நெய் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி திருமலைக்குப் போகப் போவதாக அறிவித்தார். அவர் கிறிஸ்தவர், ஆகவே படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று எதிர்த்தரப்பு வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. முதல்வராக இருந்த காலத்தில் பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் தலையில் சுமந்து போனபோது கேட்காத கேள்வியை இப்போது ஏன் கேட்கிறார்கள் என்றது அவர் தரப்பு. செப்டம்பர் 27-ந் தேதி பயணம் ரத்தானது. அன்று அவர் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது: நான்கு சுவர்களுக்குள் பைபிள் படிக்கிறேன், வெளியே வந்தால் எல்லா மதங்களையும் மதிக்கிறேன், என் மதம் மனிதநேயம், வேண்டுமானால் அதைப் படிவத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தே நாள் கழித்து, அக்டோபர் 2-ந் தேதி, துணை முதல்வர் பவன் கல்யாண் மலையேறினார். அவருடைய மனைவி அன்னா லெஷ்னேவா ரஷ்யாவைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். அவர்களுடைய இளைய மகள் படிவத்தில் கையெழுத்திட்டார். மைனர் என்பதால் தந்தையும் கூடவே கையெழுத்திட்டார். 2025 ஏப்ரலில் சிங்கப்பூரில் நடந்த தீ விபத்திலிருந்து மகன் பிழைத்து வந்தபோது, அன்னா லெஷ்னேவா தாமே திருமலைக்கு வந்தார். படிவத்தில் கையெழுத்திட்டார். பிறகு மொட்டை போட்டுக்கொண்டார்.

அரசியல் கணக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த இரண்டு காட்சிகளும் ஒரே கேள்விக்கான இரண்டு பதில்கள். தான் கிறிஸ்தவர் என்பதை ஒருவர் எங்கே, யாரிடம், எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்? கிறிஸ்தவம் இந்த விஷயத்தில் தயவுதாட்சண்யம் காட்டும் மதம் அல்ல. மனதுக்குள் நம்பினால் போதும் என்று அது சொல்வதில்லை. ஞானஸ்நானம் ஊரறிய நடப்பது. விசுவாசப் பிரமாணம் சபையில் வாய்விட்டுச் சொல்வது. யேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்துவிட்டு, சேவல் கூவியதும் வெளியே போய் அழுத பேதுருவின் கதையை ஒவ்வோர் ஆண்டும் புனித வாரத்தில் மறக்காமல் வாசிக்கும் மதம் அது. நான்கு சுவர்களுக்குள் மட்டும் கிறிஸ்தவராக இருப்பது என்பது அந்த மதத்தின் இலக்கணத்திலேயே கொஞ்சம் இடறும் வாக்கியம்.

படிவத்தைக் கேட்பது அவமானம் என்ற வாதத்திலும் முழு நியாயம் இல்லை. எந்த வீட்டுக்கும் ஒரு வாசல்படி உண்டு. வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும் லட்சக்கணக்கான இந்துக்களிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றுதான் திருச்சபை எதிர்பார்க்கிறது. ஒருவர் கதவைத் திறந்து வைத்துப் பந்தியில் விதி போடுகிறார். இன்னொருவர் கதவிலேயே விதி போடுகிறார். வித்தியாசம் இடத்தில்தான். தவிரவும் திருமலைப் படிவம் யாரையும் மதம் மாறச் சொல்வதில்லை. அது கேட்பது இரண்டு: நீர் யார் என்று சொல்லும், எம் சுவாமியை மதிக்கிறேன் என்று சொல்லும். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கிறிஸ்தவருக்குத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது அவருடைய மனசாட்சிக்கு ஒத்துவராவிட்டால் மலையேறாமல் இருந்துவிடலாம். கௌரவமான வழிகள் இரண்டுமே திறந்திருக்கின்றன.

இந்த வட்டாரத்துக்கு இதைவிட இதமான மரபுகளும் உண்டு. திருமலை வேங்கடவனுக்கு பீபீ நாஞ்சாரி என்ற முஸ்லிம் தேவி உண்டு என்பது ஐதீகம். தங்கள் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை என்ற உரிமையில், யுகாதியன்று கடப்பையில் உள்ள வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு முஸ்லிம்கள் தேங்காய் பழத்துடன் வருவதை இன்றும் பார்க்கலாம். அவர்கள் தங்கள் மதத்தை மறைப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. வந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள்.

ஆக, மலை மேலே உள்ள காகிதம் பெரிய பிரச்னை அல்ல. சிக்கல் மலைக்குக் கீழே ஆரம்பிக்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் இன்னொரு காகிதம் இருக்கிறது. சாதிச் சான்றிதழ். திருமலையில் ‘நான் இந்து அல்ல’ என்று எழுதினால்தான் கிறிஸ்தவருக்கு வழி. தாசில்தார் அலுவலகத்தில் ‘நான் இந்து’ என்று எழுதினால்தான் தலித்துக்கு வழி. ஒருவரே கிறிஸ்தவராகவும் தலித்தாகவும் இருந்துவிட்டால்? சித்தூர், திருப்பதி மாவட்டக் கிராமங்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

அவர்கள் நேற்று மாறியவர்கள் அல்ல. சித்தூர் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த பூமி; 1911-ல்தான் தனி மாவட்டமானது, 1953-ல்தான் ஆந்திரத்துக்குப் போனது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷன் 1853-ல் ஸ்கட்டர் சகோதரர்களால் நிறுவப்பட்டபோது அதன் ஆரம்ப நிலையங்களில் சித்தூரும் ஒன்று. பத்தாண்டுகளில் ஜேக்கப் சேம்பர்லின் மதனபள்ளிக்குப் போனார். தெலுங்கில் பிரசங்கமும் வைத்தியமும் செய்தார். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் அனுமதிப்பதில்லை என்பதில் ஆற்காடு மிஷன் கறாராக இருந்தது. தமிழ் பேசும் பறையர்களும் தெலுங்கு பேசும் மாலர்களும் அந்தச் சபைகளுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஒரு பெயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்க் கோயிலுக்குள் போக முடியாதவர்களுக்கு அவர்களே கட்டிய ஒரு கோயில். மலைக்குப் போகும் பாதையில் பிறந்து, மலை மேல் போக உரிமை இல்லாதிருந்த பரம்பரைகளுக்கு அது சின்ன விஷயமல்ல.

1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. யார் யார் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்று பட்டியல் போட்ட ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் இந்தப் பட்டியலில் வர மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1990-ல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே, பிறகு எதற்குச் சலுகை என்பது அரசின் வாதம்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையோரம் செருப்பு தைத்துக்கொண்டிருந்த சூசைக்கு இந்த வாதம் புரியவில்லை. தெருவோரம் செருப்பு தைக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. ஆதிதிராவிடக் கிறிஸ்தவரான சூசைக்குக் கிடைக்கவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, பழைய மதத்தில் இருந்த கொடுமை புதிய மதத்திலும் அதே கடுமையுடன் தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதை ஒரு செருப்புத் தொழிலாளி எப்படி நிரூபிப்பார்? வழக்கு தள்ளுபடியானது. வெயிலில் உட்கார்ந்து செருப்பு தைப்பவருக்கு மேலே கூரை வேண்டுமா என்பதை அவருடைய ஞானஸ்நானம் தீர்மானித்தது.

விளைவு என்ன என்று கணக்கெடுப்பு சொல்கிறது. 1971-ல் ஆந்திரத்தில் கிறிஸ்தவர்கள் 4 சதவீதத்துக்கு மேல். 2011-ல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1.34 சதவீதம். இந்த நாற்பது ஆண்டுகளில் ஆந்திரத்தில் சபைகள் குறைந்தன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்கு ஊர் புதிது புதிதாகக் கூரைச் சபைகள் முளைத்ததைத்தான் கண்ணால் பார்க்கிறார்கள். சபையில் கூட்டம், கணக்கில் சரிவு. காரணம் ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம். சான்றிதழில் ஒரு பெயர், சபையில் ஒரு பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வெங்கடேஷ், ஞாயிற்றுக்கிழமை யோவான். பதிவேட்டுப் பெயர் வேலை வாங்கித் தரும். ஞாயிற்றுக்கிழமைப் பெயர் மன ஆறுதல் தரும். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்துவிடக் கூடாது என்பதுதான் வாழ்நாள் கவலை.

சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணங்கள் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையில் கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்றது. 2025 ஏப்ரல் 30-ந் தேதி ஆந்திர உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. சாதியைச் சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று ஒரு பாஸ்டர் கொடுத்த வன்கொடுமைப் புகாரை ரத்து செய்தது. கிறிஸ்தவராக மாறியதும் அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாதவராகிவிட்டார். கையில் சான்றிதழ் இருந்தாலும் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்றது. சட்டத்தின் வாசகப்படி இது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தலித்தை சாதி சொல்லித் திட்டுகிறவர், முதலில் அவர் ஞானஸ்நானம் பெற்றாரா என்று விசாரித்துவிட்டுத் திட்டுவதில்லை.

உள்ளே வருவதற்குத்தான் விலை. வெளியே போவதற்குக் கதவு அகலமாகவே இருக்கிறது. 2015-ல் கேரளத்தைச் சேர்ந்த மனு என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூதாதையர் காலத்தில் கிறிஸ்தவராகிவிட்ட குடும்பத்தில் பிறந்தவரும் தாய் மதத்துக்குத் திரும்பி, பழைய சமூகம் அவரை ஏற்றுக்கொண்டால், தாழ்த்தப்பட்டவருக்கான உரிமை பெறலாம் என்றது. அதாவது சாதி எங்கும் போய்விடவில்லை. தலைமுறைகள் தாண்டியும் பத்திரமாகக் காத்திருக்கிறது. அது காத்திருந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பத்தை அது தொடாமலா இருந்தது?

ஆந்திரத்தில் மதம் மாறிய தலித்துகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சி பிரிவில் 1 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்று 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சிபாரிசு செய்தது. 2023 மார்ச்சில் ஆந்திர சட்டசபை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கும்படி தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மத்திய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிதாக ஒரு கமிஷனை அமைத்திருந்தது. கமிஷன்களுக்குப் பஞ்சமில்லை.

திருப்பதியிலேயே இந்தக் கேள்வி வேலைக்கும் உலை வைக்கிறது. தேவஸ்தானம் என்பது கோயில் மட்டுமல்ல. கல்லூரி, ஆஸ்பத்திரி, விடுதி என்று பரந்த சாம்ராஜ்யம். தொடக்கத்தில் பல பணிகளுக்கு மதம் கேட்கப்படவில்லை. 2007-க்குப் பிறகு இந்துக்களுக்கே வேலை என்று விதி இறுகியது. 2018-ல் இந்து அல்லாத 44 ஊழியர்களுக்கு நோட்டீஸ் போனது; அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் 18 பேர் மீது நடவடிக்கை. அவர்களில் ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் உண்டு. அதே ஆண்டு ஜூலையில், ஞாயிறு தோறும் சொந்த ஊர் சர்ச்சுக்குப் போனார் என்பதற்காக ஓர் அதிகாரி சஸ்பெண்ட் ஆனார்.

தேவஸ்தானத்துக்குச் சட்டம் துணை நிற்கிறது. மத நிறுவனங்களின் பதவிகளில் அந்த மதத்தவரே இருக்க வேண்டும் என்று சட்டம் செய்ய அரசியல் சட்டத்தின் 16(5)-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. இந்து என்று உறுதிமொழி கொடுத்து வேலை வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் முழங்கால் போடுவது, கோயிலுக்கும் நியாயமில்லை, சர்ச்சுக்கும் நியாயமில்லை. சர்ச்சின் சாவியைச் சிலுவையை நம்பாதவரிடம் கொடுக்க எந்த பிஷப்பும் சம்மதிக்க மாட்டார். ஆனால் கர்ப்பக்கிரகத்துக்குப் பூ கட்டுபவருக்கும் ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவருக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்க இடமிருக்கிறது. மதம் கேட்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டவரை இருபது வருடம் கழித்து மதம் கேட்பது பற்றியும் கேட்க இடமிருக்கிறது.

இந்த இடத்தில் திருச்சபைகள் கை கட்டி நின்று அனுதாபம் பெற முடியாது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று வெளிநாட்டில் பேசிவிட்டு, தலித் கிறிஸ்தவருக்குச் சலுகை வேண்டும் என்று டில்லியில் பேசுவது எப்படி என்ற கிண்டலுக்கு அவர்களே இடம் கொடுத்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக உட்காரும்படி கோயிலையே கட்டினார்கள்; தடுப்பு இடிபட 1910 ஆயிற்று. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டு எழுந்த மோதல் 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது; இரண்டு உயிர்கள் போயின. ராயலசீமையில் பிறந்த தலித்தான அந்தோணி பூலா 2022-ல் கர்தினால் ஆனது பெருமைதான். ஒரு தலித்துக்கு அந்தச் சிவப்புத் தொப்பி கிடைத்தது அதுவே முதல் முறை என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆக, ஒரு தலித் கிறிஸ்தவர் தன் அடையாளத்தைத் தேடிப் போகும் வழியில் மூன்று வாசல்கள். கோயில், ‘நீ எங்களவன் அல்ல’ என்கிறது. அது நேர்மையான பதில், அவரும் அப்படித்தான் சொல்கிறார். அரசு, ‘நீ இனி தலித் அல்ல’ என்கிறது; அது அவர் வாழ்க்கை ஒப்புக்கொள்ளாத பதில். சபை, ‘நீ எங்கள் சகோதரன்’ என்கிறது. சொல்லிவிட்டு சில ஊர்களில் கல்லறைக்குத் தனி இடம் காட்டுகிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் அவர் இரண்டு பெயர்களுடன் வாழ்கிறார் என்றால் அவரைப் பொய்யர் என்பது எளிது. பொய் சொன்னால்தான் பிள்ளை படிக்கும் என்ற நிலையை உண்டாக்கியவர்களை என்ன சொல்வது என்பது கஷ்டமான கேள்வி.

அரசு செய்யக்கூடியது சிக்கலானதல்ல. காயம் சாதியால் வந்தது. மருந்தையும் சாதியைப் பார்த்தே கொடுக்க வேண்டும். மதத்தைப் பார்த்து அல்ல. சீக்கியருக்கும் பௌத்தருக்கும் இது புரிந்தபோது அரசியல் சட்டம் இடிந்து விழவில்லை. இருக்கிற 15 சதவீதப் பந்தியில் இன்னும் ஆள் வந்தால் ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் குறையுமே என்று இந்து தலித்துகள் அஞ்சுவது நியாயமான அச்சம். அதற்கு விடை பந்தியை நீட்டுவது. பசித்தவரின் ஜெபத்தை விசாரிப்பது அல்ல. குறைந்தபட்சம் வன்கொடுமைச் சட்டத்தையாவது மதம் பார்க்காமல் நீட்டலாம். அதில் யாருடைய பங்கும் குறையாது.

அது நடக்கும்வரை, உண்மையைச் சொல்ல யாரால் முடியும் என்பதே கேள்வி. முன்னாள் முதல்வர் ஒருவர் படிவத்தில் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதியிருந்தால் அவருக்கு அரசியலில் சில ஓட்டுகள் போயிருக்கலாம். வீடு போயிருக்காது, வேலை போயிருக்காது, பிள்ளையின் படிப்பு போயிருக்காது. அந்த ஒரு சொல்லுக்குப் புத்தூரிலோ பலமனேரிலோ உள்ள ஒரு விவசாயக் கூலி கொடுக்க வேண்டிய விலை அதைவிடப் பல மடங்கு. சொல்ல வசதியுள்ளவர் சொல்லாமல் விட்ட சொல், சொல்ல வசதியில்லாதவரின் தொண்டையில் இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறது.

பேதுரு மறுத்தார், பிறகு அழுதார். கதை அங்கே முடியவில்லை. மறுத்த அதே மனிதரிடம்தான் மந்தை ஒப்படைக்கப்பட்டது. மூன்று முறை கேட்கப்பட்டது, மூன்று முறையும் பதில் சொல்ல அவகாசம் கொடுக்கப்பட்டது. சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழ்பவர்களுக்கு அந்த அவகாசத்தையாவது அவர்களுடைய சபை கொடுக்கலாம். ஒரே பெயரோடு வாழும் வழியைக் கொடுக்க வேண்டியது அரசு.